ஸ்டூவர்ட் லா ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர்தான், ஆனால்...

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் இருந்த 'தெரியுமா?' பெட்டியில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஸ்டூவர்ட் லாவைப் பற்றி மூன்றே வரி போட்டிருந்தீர்கள். ஒரே டெஸ்ட், 54 நாட் அவுட், அப்புறம் வாய்ப்பே இல்லை, பாவம், துரதிர்ஷ்டசாலி என்று முடித்துவிட்டீர்கள். தகவலில் தவறில்லை. ஆனால் 20 ஆண்டுகளுக்கும் மேல் ஆடிய ஒருவரை அந்த ஓர் ஆட்டத்துக்குள் அடைத்து, பரிதாபத்துக்குரியவராகக் காட்டியது எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த டெஸ்ட்டைப் பார்ப்போம். 1995 டிசம்பர், பெர்த், எதிரணி இலங்கை. ஸ்டீவ் வாஹுக்குக் காயம். அந்த இடத்தில் லா வந்தார். அதே ஆட்டத்தில் இன்னொரு புதுமுகமும் இருந்தார், ரிக்கி பான்டிங். மைக்கேல் ஸ்லேட்டர் 219 அடித்து ஆட்டத்தை முன்பே ஆஸ்திரேலியா பக்கம் திருப்பியிருந்தார். இரண்டு புதுமுகங்களும் சேர்ந்து ஆடினார்கள். பான்டிங் 96-இல் இருந்தபோது சமிந்த வாஸ் வீசிய பந்து காலில் பட்டது. ஸ்டம்புக்கு மேலே போகிற பந்து போலத்தான் பலருக்கும் தெரிந்தது. நடுவர் விரலைத் தூக்கிவிட்டார். அந்த விக்கெட் விழுந்ததுமே, 5 விக்கெட்டுக்கு 617 ரன் போதும் என்று இன்னிங்ஸை முடித்து டிக்ளேர் செய்தார்கள். மறுமுனையில் நின்ற லா 54 ரன்னோடு வெளியே வந்தார். ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் மற்றும் 36 ரன் வித்தியாசத்தில் வென்றதால் இரண்டாவது முறை மட்டை பிடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

மெல்போர்னில் அடுத்த டெஸ்ட். ஸ்டீவ் வாஹ் குணமாகி வந்து 131 நாட் அவுட். அப்படி ஒருவர் திரும்பி வந்தால் யார்தான் வெளியே போவது? தேர்வாளர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. டெய்லர், ஸ்லேட்டர், பூன், இரண்டு வாஹ்கள், பான்டிங் என்று அன்றைய வரிசை அப்படி. பின்னால் லாங்கர், ஹெய்டன், மார்ட்டின், லீமன் எல்லாம் காத்திருந்தார்கள். லாவின் முறை மறுபடி வரவே இல்லை.

சரி, அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதற்குத்தான் உங்கள் பெட்டியில் இடமில்லாமல் போயிற்று. ஆனால் எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது, அந்த டெஸ்ட்டுக்குச் சில மாதங்கள் முன்பே அவர் செய்து முடித்திருந்த ஒரு காரியத்தை. ஆஸ்திரேலியாவில் மாநில அணிகள் மோதும் ஷெஃபீல்ட் ஷீல்ட் போட்டி என்றால் ஆறே மாநிலங்கள். ஆறு அணிக்கும் சேர்த்து 66 பேருக்குத்தான் இடம். அந்தப் போட்டியில் லாவின் மாநிலமான குயின்ஸ்லாந்து சேர்ந்தது 1926-27 பருவத்தில். அன்றிலிருந்து ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. கிரெக் சாப்பல், ஜெஃப் தாம்சன், ஆலன் பார்டர் ஆடிப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து விவியன் ரிச்சர்ட்ஸையும் இயான் போத்தமையும் கூட்டி வந்து பார்த்தார்கள். பல முறை இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றுத் திரும்பினார்கள். குயின்ஸ்லாந்தின் தலைநகரான பிரிஸ்பேனில் தலைமுறை தலைமுறையாக ஜனங்களுக்கு இருந்த மனக்குறை அது. 1995 மார்ச்சில் அதே ஊரின் காபா மைதானத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவை இன்னிங்ஸ் மற்றும் 101 ரன்னில் வீழ்த்தி அந்தக் குறையைத் தீர்த்த அணிக்குக் கேப்டன், 26 வயது ஸ்டூவர்ட் லா. நாட்டுக்கே பத்து ஆண்டு கேப்டனாக இருந்த பார்டர், அன்று லாவின் தலைமையில் ஒரு வீரராக ஆடி 98 எடுத்தார். லா கேப்டனாக இருந்து குயின்ஸ்லாந்து வென்றது மொத்தம் ஐந்து ஷீல்டுகள். பூஜ்யத்திலிருந்து ஐந்து! இதற்கு முன்னால் அந்த ஒரு டெஸ்ட் பெரிய விஷயமா என்ன?

அவர் மட்டை பிடித்த விதம் தெரியாதவர்களுக்கு 1996 உலகக் கோப்பை அரையிறுதியைச் சொல்லலாம். மொஹாலி, பகலிரவு ஆட்டம், மேற்கிந்தியத் தீவுகள். உங்கள் வாசகர்களில் பாதிப் பேராவது தூர்தர்ஷனில் பார்த்திருப்பார்கள், நானும் பார்த்தேன். ஆம்ப்ரோஸும் பிஷப்பும் வீசிய வேகத்தில் ஆஸ்திரேலியா 15 ரன்னுக்கு 4 விக்கெட். மார்க் வாஹ் 0, பான்டிங் 0, டெய்லர் 1, ஸ்டீவ் வாஹ் 3. அந்த நிலைமையில் லாவும் மைக்கேல் பெவனும் சேர்ந்து 138 ரன் எடுத்தார்கள். லா 72, பெவன் 69. கடைசியில் ஆஸ்திரேலியா 207 எடுத்தது, வெற்றி 5 ரன்னில். அந்த ஆட்டம் என்றதும் எல்லோரும் ஷேன் வார்னையும் கடைசி ஓவரையும்தான் பேசுவார்கள். வார்னுக்குக் காப்பாற்ற ஏதோ ஒரு ஸ்கோர் கிடைத்ததே இந்த இருவரால்தான். ஒருநாள் ஆட்டத்தில் அவர் ஆடியவை 54, டெஸ்ட்டில் எடுத்த ரன்னும் 54. இதைப் போட்டிருந்தாலாவது உங்கள் பெட்டிக்குச் சுவையான செய்தியாக இருந்திருக்கும்.

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கிரிக்கெட்டான கவுன்டியில் எசெக்ஸுக்கும் பிறகு லங்காஷயருக்கும் ஆண்டுக்கணக்கில் ஆடினார். 1997-இல் நாட்வெஸ்ட் கோப்பை இறுதியில் லார்ட்ஸில் 80 நாட் அவுட், ஆட்ட நாயகன் விருது. மறு ஆண்டு விஸ்டன் என்ற புகழ்பெற்ற கிரிக்கெட் ஆண்டு மலர் அவரை ஐந்து சிறந்த வீரர்களில் ஒருவராக அறிவித்தது. லங்காஷயரில் நம் முரளிதரனோடு ஒரே அணியில் ஆடியிருக்கிறார். பெர்த்தில் எதிரெதிரே நின்றவர்கள், பத்து ஆண்டு கழித்து மான்செஸ்டரில் ஒரே உடைமாற்றும் அறையில்! 2007-இல் வி.வி.எஸ். லட்சுமணும் அங்கே இருந்தார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் 489 ரன்னைத் துரத்தி, லட்சுமண் சதம் போட்டும், 464-இல் சுருண்டு 24 ரன்னில் சாம்பியன் பட்டத்தை இழந்தது அந்த அணி. அந்தத் தோல்வி எனக்கே இன்னும் ஆறவில்லை என்றால் ஆடியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இப்போது ஒரு கணக்கு. பெர்த்தில் ஒன்றாக அறிமுகமான இருவரில் பான்டிங் 168 டெஸ்ட் ஆடினார், லா 1. ஆனால் ஷீல்ட், கவுன்டி போன்ற உள்நாட்டு ஆட்டங்களோடு டெஸ்ட்டையும் சேர்த்த முதல்தர ஆட்டக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பான்டிங் 24,150 ரன், 82 சதம். லா 27,000-க்கும் மேல், 79 சதம், சராசரி 50-க்கும் அதிகம். லா பான்டிங்கைவிடப் பெரியவர் என்று சொல்ல வரவில்லை. டெஸ்ட் பந்துவீச்சின் தரம் வேறு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இத்தனை ரன் எடுத்த ஒரு மனிதரைத் துரதிர்ஷ்டசாலி என்ற ஒரே சொல்லில் எப்படி முடிப்பது?

ஆடி முடித்த பிறகும் அவர் சும்மா உட்காரவில்லை. 2011-இல் சிறிது காலம் இலங்கைக்குப் பயிற்சியாளர். ஆம், தன் ஒரே டெஸ்ட்டில் எதிரணியாக இருந்த அதே இலங்கை. பிறகு வங்கதேசம். 2012 ஆசியக் கோப்பையில் சச்சின் தன் நூறாவது சதத்தை எடுத்த ஆட்டம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். அன்று இந்தியா தோற்றது லா பயிற்சி கொடுத்த வங்கதேசத்திடம். அந்த அணி இறுதி வரை போய் பாகிஸ்தானிடம் இரண்டே ரன்னில் தோற்றது. 2017-இல் ஹெடிங்லியில் மேற்கிந்தியத் தீவுகள் 322 ரன்னைத் துரத்தி இங்கிலாந்தை வென்றபோதும் பயிற்சியாளர் அவர்தான். 2024 டி20 உலகக் கோப்பையில் டாலஸில் பாகிஸ்தானைச் சூப்பர் ஓவரில் சாய்த்த அமெரிக்க அணிக்கும் அவரே.

இவர் ஒருவர் மட்டுமில்லை. வங்கதேசத்தில் லாவுக்கு முந்தைய பயிற்சியாளரான ஆஸ்திரேலியர் ஜேமி சிடன்ஸ், முதல்தர ஆட்டத்தில் 11,000 ரன்னுக்கு மேல் எடுத்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். இன்னொரு ஆஸ்திரேலியர் பிராட் ஹாட்ஜ் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக 203 நாட் அவுட் அடித்தும் ஆறு டெஸ்ட்டோடு நின்றுபோனவர். சென்னை ரசிகர்கள் வீட்டுப் பிள்ளை போலக் கொண்டாடிய மைக்கேல் ஹஸ்ஸி, 15,313 முதல்தர ரன் எடுத்த பிறகுதான் 2005-இல் முதல் டெஸ்ட் தொப்பியைப் பெற்றார். அவருக்குக் கதவு திறந்தது, மற்றவர்களுக்குத் திறக்கவில்லை. வேலை எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். மழைக்கு நடுவே நான்கு நாள் கவுன்டி ஆட்டம், ஆளில்லாத கேலரி, ஊர் ஊராகப் பயணம். தொழில்முறைக் கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இதுதான். டிவியில் நாம் பார்ப்பது அதில் ஒரு சிறு துண்டு.

ஆகவே என் கோரிக்கை சின்னது. வீரர்களைப் பற்றி எழுதும்போது நீங்கள் போடும் அட்டவணையில் டெஸ்ட், ஒருநாள், டி20 என்று மூன்று வரி வருகிறது. அதன் கீழே முதல்தர ஆட்டத்துக்கும் ஒரு வரி சேருங்கள். ஆட்டம், ரன், சதம் போதும். இடம் போதாவிட்டால் அந்த வீரர் ஐ.பி.எல். ஏலத்தில் எத்தனை கோடிக்குப் போனார் என்ற வரியை எடுத்துவிடலாம். லாவைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்று வந்தால் இன்னும் மகிழ்ச்சி. அப்படி எழுதுவதாக இருந்தால் 1995 மார்ச் காபா ஆட்டத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்