பெரியப்பாவுக்கு, கார்கசோன் கோட்டையைப் பற்றி

அன்புள்ள பெரியப்பா,

படங்களைப் பார்த்துவிட்டு, "இது பழைய கோட்டையா, புதுசாக் கட்டினதா?" என்று கேட்டிருந்தீர்கள். மேஸ்திரியாக இருந்தவருக்குத்தான் முதலில் இந்தச் சந்தேகம் வரும். இரண்டுமே சரி.

தெற்கு பிரான்ஸில், ஓட் ஆற்றை ஒட்டிய குன்றின் மேல் இருக்கிறது கார்கசோன். சுற்றிலும் இரட்டை மதில், மொத்தம் சுமார் 3 கிலோமீட்டர், 52 கோபுரங்கள். இரண்டு மதிலுக்கும் நடுவே அகலமான நடைவழி. என் பொழுது பெரும்பாலும் அங்கேதான் போனது. வடக்குப் பக்கத்து உள்மதிலில் சின்னச் சின்னக் கற்களை அடுக்கி, இடையிடையே செங்கல் வரி ஓட்டியிருக்கிறார்கள். அது ரோமானியர் காலத்து வேலை. நார்போன் வாசலுக்கு வந்தால் ஓரத்தை மட்டும் செதுக்கி நடுவைப் புடைப்பாக விட்ட பெரிய கற்கள். அவை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு அரசர் கட்டியவை.

அரசர் கைக்கு ஊர் வந்த கதை கொடுமையானது. 1209 ஆகஸ்டில், கத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவை ஒடுக்க போப் ஏவிய சிலுவைப் படை முற்றுகையிட்டது. கோடை வெயிலில் உள்ளே தண்ணீர் தீர்ந்துபோக, ஊர் பணிந்தது. மக்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறினார்கள். இளம் பிரபு ட்ரென்காவெல் அதே ஆண்டு நவம்பரில் சிறையிலேயே இறந்துபோனார். 1240இல் அவர் மகன் ஊரை அரசரிடமிருந்து மீட்கப் பார்த்துத் தோற்றார். மதிலடியில் இருந்த குடியிருப்புகளை இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்தவர்களுக்காக ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேர்த்தெருக்களோடு எழுந்ததுதான் இன்றைய கீழூர்.

1659இல் ஸ்பெயின் எல்லை தெற்கே நகர்ந்தது. கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்புறம் கல்லைப் பெயர்த்து எடுத்துப் போக ஆரம்பித்துவிட்டார்கள். 1850 வாக்கில் அரசாங்கமே இடிக்கத் தயாரானபோது, உள்ளூர்க்காரரான க்ரோ-மேர்வியெய் போராடிக் காப்பாற்றினார். வாசலிலிருந்து உள்ளே போகும் கடைத்தெருவுக்கு அவர் பெயர்தான். மரவாள் விற்கும் அந்தக் கூட்டத்தில் பெயர்ப்பலகையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

1853இல் வியொலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் பழுதுபார்க்கத் தொடங்கினார். நீங்கள் புதுசு என்று நினைத்த கூம்புக் கூரைகள் அவர் வைத்தவை. கறுத்த ஸ்லேட் கல் வடக்கத்திப் பழக்கம். இந்தப் பக்கத்துக் கூரை தாழ்வான சரிவில் ஓடு வேய்ந்தது. அதனால் திட்டு வாங்கினார், பின்னாளில் சில கோபுரங்களுக்கு ஓடு மாற்றினார்கள். ஸ்லேட் தவறுதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் கை வைக்காமல் இருந்திருந்தால் நான் படம் எடுக்க மதிலே மிஞ்சியிருக்காது.

கட்டாயம் வாருங்கள். முழங்கால் வலியை நினைத்துத் தயங்க வேண்டாம். மதிலுக்கு நடுவே நடக்க டிக்கெட் கிடையாது, படி ஏறும் வேலையும் அதிகம் இல்லை. உள்ளே இருக்கும் பிரபுவின் மாளிகைக்குக் கட்டணம் உண்டு. செங்கல் வரிகளை நீங்கள் தொட்டுப் பார்த்துச் சொல்வதைக் கேட்க எனக்கு ஆசை.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்