தாடை மாதிரிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கீழ்த்தாடைக் கட்டிச் சத்திரசிகிச்சைகளுக்கு, நோயாளியின் தாடையை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் மாதிரியாக அச்சிட்டுக் கொடுக்கும் நாங்கள் எழுதும் நன்றி மடல் இது. தாடையைத் தாங்கும் உலோகத் தகட்டை முன்கூட்டியே அளவாக வளைத்துவைக்கத்தான் இந்த மாதிரி.

முதலில் சிடி ஸ்கேன் அறையில் நிற்பவர்களுக்கு. படத்தை 1 மில்லிமீற்றர் தடிப்புக்கு மேற்படாத வெட்டுகளாகத் தந்தீர்கள். 3, 5 மில்லிமீற்றர் வெட்டில் அச்சிட்டால் தாடை படிக்கட்டுப் போல வரும், கண்குழியின் அடித்தளத்தில் ஓட்டை விழும். உண்மையில் அங்கே எலும்பு இருக்கிறது. காகிதம் போல் மெல்லியது என்பதால் கணினி அதைச் சதையோடு சேர்த்துக் கழித்துவிடுகிறது. பல்லுக்கிடையே மரக்குச்சி வைத்துப் படம் எடுத்ததற்குத் தனி நன்றி. கடித்தபடி எடுத்தால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒரே கட்டியாகிவிடும், பிரித்தெடுக்க அரைநாள் போகும். வெற்றிலை, பாக்குப் போட்டு வாய் இறுகிப்போனவர்களிடம் அந்தக் குச்சியை நுழைப்பது எவ்வளவு பாடு என்பது தெரியும்.

குறித்த நாளிலேயே நோயாளியைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த சாரதிகளுக்கும் உறவினர்களுக்கும் நன்றி. கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும், பழைய படத்தில் செய்த மாதிரியை நம்பி வெட்டுக்கோடு போட முடியாது.

அச்சு இயந்திரத்துக்கு யூபிஎஸ் தந்தவருக்கும், அச்சிடும் பிளாஸ்டிக் இழையை உலர்த்த அடுப்புத் தந்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். மழைக்கால மூடுபனியில் திறந்து வைத்த பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை ஈரம் குடித்துவிடும். அச்சிடும்போது இயந்திரத்தின் மூக்கில் படபடவென்று வெடிக்கும், மாதிரி முழுக்க மயிர்மயிராக நூல் தொங்கும். 45 பாகை செல்சியசில் ஐந்தாறு மணித்தியாலம் உலர்த்திச் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்தால் சரியாகிறது.

வேணியர் இடுக்கிமானியோடு உட்கார்ந்த மாணவர்களே, உங்கள் வேலை சின்ன வேலையல்ல. அச்சு இயந்திரத்துக்கு வடிவத்தைக் கொண்டுபோகும் எஸ்டிஎல் கோப்பில் அளவலகு கிடையாது. மில்லிமீற்றரை அங்குலமாக எடுத்தால் 25.4 மடங்கு பெருக்கும், அதை யாரும் கண்டுகொள்வார்கள். கண்ணுக்குப் படாதது 2 வீதப் பிழைதான். இரு தாடைக்கோணங்களுக்கிடையிலான தூரத்தை மாதிரியிலும் திரையிலும் அளந்து ஒப்பிட்டீர்கள், இடம் வலம் மாறாமல் இடப்பக்கத்தில் ‘இ’ என்று பொறித்தீர்கள்.

கட்டியால் புடைத்த பக்கத்தில் அப்படியே தகட்டை வளைத்தால் முகமும் புடைத்தபடியே நிற்கும். ஆகவே நல்ல பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடுகிறோம். கட்டி நடுக்கோட்டைத் தாண்டினால் இந்த வழி உதவாது, புடைப்பைத் திரையிலேயே சீவ வேண்டும். டைட்டேனியத் தகட்டை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் பின்னாளில் அங்கேதான் முறியும் என்று நினைவூட்டிய தாதியருக்கும் நன்றி.

கடைசியாக, எங்கள் மாதிரியைத் திட்டித் திருப்பி அனுப்பிய கிருமிநீக்கப் பிரிவினருக்கு. 60 பாகையிலேயே இளகும் பிஎல்ஏயை 134 பாகை நீராவியில் வைக்கக் கேட்டது எங்கள் மடமை. இப்போது வளைத்த தகடு மட்டும் உங்களிடம் வருகிறது. மாதிரி பைக்குள்ளே, சத்திரசிகிச்சை மேசைக்குத் தள்ளி, பார்வைக்கு மட்டும் இருக்கிறது.

நன்றியுடன்,
மாதிரி அச்சிடும் குழுவினர்,
மலையகம்