பில்லில் பல் எண் எழுதுங்கள்: தமிழ்நாட்டுப் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்தமாகக் கிளினிக் நடத்தும் சக பல் மருத்துவர்களுக்கும், நம் சங்கக் கிளைகளின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். நோயாளியிடம் நாம் கொடுக்கும் பில்லும், நம் அலமாரியில் இருக்கும் கேஸ் ஷீட்டும், அதாவது அவருடைய சிகிச்சைக் குறிப்பும், ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பல், எந்தத் தேதி, என்ன செய்தோம், எதை வைத்துச் செய்தோம், எவ்வளவு வாங்கினோம் என்பது இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். இரண்டின் நகலும் நோயாளியிடம் இருக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார். வெளியூரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது பல்வலி வந்து, அங்கே ஒரு கிளினிக்கில் ரூட் கேனால் (பல் வேர்ச் சிகிச்சை) ஆரம்பித்திருக்கிறார்கள். பாதியில் ஊர் திரும்பிவிட்டார். திரும்ப வலி. “பாதி முடிச்சாச்சுன்னு சொன்னாங்க டாக்டர், மீதிய நீங்க முடிச்சுக் குடுத்துடுங்க” என்று ஒரு ரசீதை நீட்டினார். அதில் இருந்தது அவருடைய பெயர், தேதி, ‘ஆர்.சி.டி. அட்வான்ஸ் 2,000’ (ஆர்.சி.டி. என்றால் ரூட் கேனால்தான்), ஒரு கிறுக்கல் கையெழுத்து. அவ்வளவுதான். வாயைத் திறந்து பார்த்தால் மேல் இடதுபக்கம் 26, 27 எண் கொண்ட இரண்டு கடைவாய்ப் பற்களிலும் தற்காலிக அடைப்பு. எக்ஸ்ரேயில் இரண்டுமே திறக்கப்பட்டிருப்பது தெரிந்தது. வேருக்குள் எத்தனை கால்வாய்களைக் கண்டுபிடித்தார்கள்? மேல் முதல் கடைவாய்ப் பல்லில் ஒளிந்திருக்கும் நாலாவது கால்வாயைத் தேடினார்களா? வேரின் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தார்கள்? உள்ளே என்ன மருந்து வைத்தார்கள்? எதற்கும் பதில் இல்லை. கட்டிய 2,000 ரூபாய் ஒரு பல்லுக்கா, இரண்டுக்குமா என்றுகூட ரசீதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அந்தக் கிளினிக்குக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். “ரூட் கேனால் பண்றவர் வெளியிலேர்ந்து வர்ற டாக்டர் சார், வியாழக்கிழமைதான் வருவார். டீடெயில் எல்லாம் அவர் போன்லதான் இருக்கும்.” கடைசியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. மறுபடி ஊசி, மறுபடி எக்ஸ்ரே, மறுபடி செலவு. அந்த டாக்டரின் வேலை மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். திறந்த விதம் சுத்தமாக இருந்தது. நல்ல வேலை செய்தவர் அதை எழுதி வைக்காததால், அவருடைய உழைப்பும் வீண், அந்த அம்மாவின் பணமும் வீண்.

இந்த ‘வெளியிலிருந்து வரும் டாக்டர்’ ஏற்பாட்டில்தான் நம் பதிவுகள் அதிகம் தொலைகின்றன. ரூட் கேனாலுக்கு ஒருவர், கம்பி போட ஒருவர், ஞானப்பல் எடுக்க ஒருவர் என்று வாரத்தில் ஒரு நாள் வந்து போகிறார்கள். எக்ஸ்ரே அவர்கள் போனில், கணக்கு ரிசப்ஷனில், நோயாளியின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் யாருடைய நினைவிலோ. கிளினிக்கின் பெயர்ப் பலகையில் யார் பெயர் இருக்கிறதோ, கேஸ் ஷீட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. வந்து போகிறவர் தன் வேலையை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அன்றைய பங்குத் தொகை அவர் கைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறாராகத் தோன்றலாம். ஆனால் வேறு எந்த வழியும் இவ்வளவு சீக்கிரம் பலன் தந்து நான் பார்க்கவில்லை.

பல் எண்ணைப் பற்றிக் கொஞ்சம். நாம் கல்லூரியில் படித்தது இரண்டு இலக்க எண்முறை. அதன்படி 26 என்றால் மேல் இடது முதல் கடைவாய்ப் பல். அமெரிக்க எண்முறையில் அதே 26 கீழ் வலதுபக்கத்து முன்பல் ஒன்றைக் குறிக்கும். வெளிநாட்டு மென்பொருள் வாங்கியவர்கள் அதில் எந்த முறை ஓடுகிறது என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். கேஸ் ஷீட்டில் ஒரு முறை, பில்லில் ஒரு முறை என்று இருந்தால், பல் மாற்றி எடுத்ததாக ஒரு புகார் வரும் நாளில் நம்மைக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

சட்டம் நம்மிடம் கேட்பதும் ஒன்றும் புதிதில்லை. 2014-இல் வந்த திருத்தப்பட்ட பல் மருத்துவர் நெறிமுறை விதிகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கின்றன. வருமான வரி விதிகள் 1962-இல் மருத்துவத் தொழில் செய்கிறவர்களுக்கென்றே படிவம் 3சி என்ற தினசரிப் பதிவேடு வந்தது. தேதி, நோயாளி பெயர், என்ன சேவை, எவ்வளவு கட்டணம், எப்போது வாங்கியது என்று நாளுக்கு நாள் எழுதச் சொன்னது அது. 25 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தத் தொகைக்கும் வரிசை எண் போட்ட பில்லின் நகல் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்தது. 25 ரூபாய்க்கு இன்று எந்தக் கிளினிக்கிலும் எதுவும் நடப்பதில்லை. அப்படியானால் நம் ஒவ்வொரு வரவுக்கும் பில் உண்டு என்றுதானே பொருள்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில்லோ ரசீதோ தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2017-லிருந்து ஒரே சிகிச்சைக்காக ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கத் தடை இருக்கிறது. வாய் முழுக்க இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். தவணை தவணையாக வாங்கினாலும் சிகிச்சை ஒன்றுதான்.

இதையெல்லாம் வரிப் பயத்துக்காகச் சொல்லவில்லை. ஆடிட்டர் மார்ச் மாதம் கேட்கும்போது ஒரே இரவில் உட்கார்ந்து நிரப்பும் பதிவேட்டை யாரும் நம்ப மாட்டார்கள், நோயாளிக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அன்றன்று எழுதியதுதான் பதிவு.

பில்லில் பொய் எழுதச் சொல்லி நோயாளிகளே கேட்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். “டாக்டர், இன்சூரன்ஸ்ல ஆக்சிடென்ட்னாதான் பல்லுக்குக் காசு குடுப்பாங்களாம், கீழ விழுந்து உடைஞ்சதுன்னு போட்டுக் குடுங்களேன்.” “அப்பாவுக்குப் பண்ணினத என் பேர்ல போட்டுத் தாங்க, ஆபீஸ்ல கிளெய்ம் பண்ணிக்கிறேன்.” கேட்கிறவர் பத்து வருடப் பழக்கமாக இருப்பார், இல்லையென்றால் நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பார். முகத்துக்கு நேராக மறுப்பது கஷ்டம்தான். ஆனால் சொத்தையால் போன பல்லை விபத்தில் உடைந்தது என்று எழுதினால் அது மோசடி, கையெழுத்துப் போட்டவர் நாம். கேஸ் ஷீட்டில் ஒன்று, பில்லில் ஒன்று என்று ஆன பிறகு, நாளைக்கு வேறு ஏதோ ஒரு புகாரில் நாம் உண்மையே சொன்னாலும் அந்தப் பதிவை எந்த நுகர்வோர் ஆணையம் நம்பும்? நான் சொல்வது இதுதான்: “கேஸ் ஷீட்ல இருக்கிறதத்தான் பில்லுல போட முடியும்மா, என்ன நடந்ததோ அதை விவரமா எழுதித் தர்றேன்.” சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்கக் கூடாது. ‘டீப் கிளீனிங்’ என்று தனிக் கட்டணம் வாங்குகிறோம். ஈறுக்குக் கீழே பாக்கெட் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று பல்வாரியாக அளந்து எழுதியிருந்தால்தான் அந்தக் கட்டணத்துக்கு நியாயம். அளவே எழுதாத கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு டீப் கிளீனிங் பில் போட்டால், அது சாதாரண கிளீனிங்குக்குக் கூடுதல் காசு வாங்கியது போலத்தான் தெரியும். பல்லின் மேல் போடும் கேப் விஷயமும் அப்படித்தான். கேப் செய்த பொருள் பில்லில் சிர்கோனியா, அதைச் செய்யும் லேபுக்கு அனுப்பிய சீட்டில் மெட்டல் செராமிக் என்று இருந்தால், கை தவறி எழுதியதாகவே இருந்தாலும் யார் நம்புவார்கள்? லேப் சீட்டின் நகலைக் கேஸ் ஷீட்டோடு பின் அடித்து வையுங்கள். பில் போடும் பெண் அதைப் பார்த்துத்தான் போட வேண்டும். ‘பேக்கேஜ் 35,000’ என்று ஒரே வரியில் எழுதும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுவோம்.

இம்ப்ளாண்ட் வைப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். டப்பாவுக்குள் ஒரு ஸ்டிக்கர் வருகிறது இல்லையா, கம்பெனி, விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அச்சடித்தது? அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள், இன்னொன்றை நோயாளியின் அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். ஆறேழு வருடம் கழித்து உள்ளே இருக்கும் திருகு தளர்ந்து ஒருவர் வருவார். நீங்கள் ஊர் மாறியிருக்கலாம், கிளினிக்கையே மூடியிருக்கலாம். எந்தக் கம்பெனி என்று தெரியாவிட்டால் திருகைத் திருப்ப எந்த டிரைவரை எடுப்பது? எக்ஸ்ரேயில் தெரியும் உருவத்தை வைத்து ஊகித்து, ஊர் ஊராக விற்பனைப் பிரதிநிதிகளுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, பொருந்தாத டிரைவரைப் போட்டுத் திருகின் தலையைக் கெடுத்து... ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. விதி சொல்லும் 3 ஆண்டு என்பது குறைந்தபட்சம்தான். இம்ப்ளாண்டுக்கும், சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் கம்பிக்கும் அது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

வாணியம்பாடியை யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் 2023-இல் உயிர்கள் போயின. 2025-இல் வெளியான ஆய்வின்படி, தொற்றுக்கு ஆளான 10 பேரில் 8 பேர் இறந்தார்கள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, சலைன் பாட்டில் வழியாகப் பரவியதாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். தொற்றுத் தடுப்புதான் அதன் முதல் பாடம், அதில் சந்தேகமில்லை. கூடவே இதையும் நினைத்துப் பாருங்கள்: நாளைக்குச் சுகாதாரத் துறை நம் கிளினிக்குக்கு வந்து, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை யார் யாருக்கு என்னென்ன செய்தீர்கள், எந்த பேட்ச் மருந்து, அவர்கள் போன் எண் என்ன என்று கேட்டால், அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? அந்த அரை மணி நேரத்தில் ஓர் உயிர் தப்பலாம். மரத்துப்போக ஊசி போட்டால் மருந்தின் பெயர், அட்ரினலின் உண்டா, எத்தனை மில்லி, பேட்ச் எண் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நோயாளி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறாரா, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதா என்பதெல்லாம் ஒவ்வொரு தடவையும் கேட்டுத் தேதி போட்டு எழுத வேண்டியவை. மூன்று வருடத்துக்கு முன் எழுதிய ‘ஒன்றுமில்லை’யை நம்பிப் பல்லைப் பிடுங்கக் கூடாது.

எழுத நேரமில்லை என்பீர்கள். தெரியும். கையில் கிளவுஸ், வெளியே ஆறு பேர் காத்திருப்பு. நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிளவுஸைக் கழற்றும் முன்பே, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே, உதவியாளரிடம் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: “46, மூணு கால்வாய், நீளம் இவ்வளவு, இன்ன மருந்து வெச்சாச்சு, அடுத்த வாரம்.” அவர் எழுதுகிறார், நான் படித்துக் கையெழுத்துப் போடுகிறேன். நோயாளி காதிலும் அது விழுகிறது. என்ன செய்தோம் என்று அவருக்கும் புரிகிறது, அப்புறம் பில்லைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. கேஸ் ஷீட் வராமல் ரிசப்ஷனில் பில் போடக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும். வெள்ளை மை பூசுவதோ, புகார் வந்த பிறகு புதுத் தாளில் திருப்பி எழுதுவதோ கூடவே கூடாது. நோயாளியின் எக்ஸ்ரே நம் சொந்த போனில் குடும்பப் படங்களோடு கலந்து கிடப்பதும் நிற்க வேண்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. நான் போய்வந்த பயிற்சி வகுப்புகளில் இம்ப்ளாண்டும், கம்பிக்குப் பதிலாகப் பல்லை நேராக்கப் போடும் அலைனரும், லேசரும்தான் பேசப்பட்டன. கேஸ் ஷீட் எழுதுவது பற்றி அரை நாள் வகுப்பு வையுங்கள். ஓர் ஆடிட்டரையும், நுகர்வோர் வழக்கு நடத்திய ஒரு வக்கீலையும் கூப்பிடுங்கள். ரிசப்ஷனில் உட்காரும் பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள், பில்லை எழுதுவது அவர்கள்தானே. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பொதுவான பில் படிவம் தயார் செய்து எல்லாக் கிளைகளுக்கும் கொடுங்கள். அதில் பல் எண்ணுக்கு ஒரு கட்டம், பயன்படுத்திய பொருளுக்கு ஒரு கட்டம், சிகிச்சை பாதியில் நின்றால் எதுவரை முடிந்தது என்று எழுத ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். நான் பயன்படுத்தும் படிவத்தை யார் கேட்டாலும் தருகிறேன். குறை இருந்தால் திருத்திப் பயன்படுத்துங்கள், திருத்தியதை எனக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் வட்டாரத்திலிருந்து ஒரு பல் மருத்துவர்