சாம்பல் சாம்பலாகவே வரணும்

மாப்ள,

நாலு மாசமா ஒரு வரிகூட எழுதலை, மன்னிச்சுக்கோ. இங்க எல்லாரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கு? மாடி ஏறாதேன்னா நீ கேக்கவா போறே!

நம்ம வாத்தியார் எடுத்த போட்டோக்கள் புத்தகமாகுது. முந்தாநாள் முதல் பாரம், அதாவது ஒரே ஷீட்டுல சேர்ந்து அச்சாகுற பக்கங்கள், ஓடினப்போ மெஷின் பக்கத்துலயே நின்னேன். ஷீட்டைக் கையில எடுத்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. அந்தக் கறுப்பு-வெள்ளை மழைப் படத்துல, சாம்பலா இருக்கவேண்டிய வானம் ரோஸ். அடுத்த வரிசையில பாட்டி முகம் பச்சை. அந்தச் சாம்பலுக்காக ராத்திரி முழுக்க டார்க்ரூம்ல நின்ன மனுஷன்டா அவர். எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு.

விசாரிச்சா, மழைப் படத்துக்கு நேர் மேலே ஒரு கலர்ப் படம். அதுல சிவப்பு எடுப்பா வரணும்னு மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) மையோட கீயை, அதாவது மை இறங்குற அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகை, திறந்துவிட்டிருக்காங்க. மை அந்த வரிசை முழுக்கத்தானே இறங்கும்!

சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா, மஞ்சள்னு மூணு கலர் மைகளை வெச்சே சாம்பல் உண்டாக்கினா இதுதான் கதி. சயான் மை சிவப்பு ஒளியை மட்டும்தான் விழுங்கணும், ஆனா அதோட நிக்காது, பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் விழுங்கும். அதனால மூணையும் சமமா போட்டா பழுப்படிக்கும். சயான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 சதம்னு போட்டாத்தான் ஏறக்குறைய சாம்பல். அதுல ரெண்டு மூணு சதம் நகர்ந்தாலும் கண்ணு கண்டுபிடிச்சிடும். சிவப்புச் சட்டை லேசா மாறினா யாருக்குத் தெரியும்? சாம்பல் மாறினா குழந்தைகூடச் சொல்லும்.

மெஷினை நிறுத்தச் சொல்லிட்டேன். மூணு கலர் மை சேர்ந்து தர்ற சாம்பலுக்குப் பதிலா கறுப்பு மையைப் போடுறதுக்கு ஜிசிஆர்னு பேர்; அதை நல்லா ஏத்தி மறுபடி செப்பரேஷன், அதாவது படத்தை நாலு மைக்கும் தனித்தனியாப் பிரிக்கிற வேலை, பண்ணினோம். இப்போ படத்தைச் சுமக்கிறது கறுப்பு மை. வெறும் கறுப்பு மட்டும்னா நிறம் ஏறவே ஏறாது, ஆனா இருட்டுக்கு அடர்த்தி பத்தாம வெளுத்துக் கிடக்கும். அதனால நிழல்ல மட்டும் மத்த மூணையும் அடியில வெச்சோம். நேத்து ஓடின ஷீட்டை, அச்சு நிறம் பார்க்கிற 5000 கெல்வின் விளக்குக்குக் கீழே பார்த்தேன், அப்புறம் வெயில்ல, அப்புறம் மஞ்சள் பல்புல. பழைய புரூப், அதான் மாதிரி அச்சு, மஞ்சள் பல்புக்குக் கீழே வந்தாலே நிறம் மாறும், இது அசையலை. பாட்டியோட மூக்குத்தி மினுக்கம், கன்னச் சுருக்கம் எல்லாம் அப்படியே!

நீ அச்சடிக்கப் போற உங்க தாத்தா ஆல்பத்துல கலர்ப் படமே கிடையாதே, நாலு மை எதுக்கு? கறுப்பு ஒண்ணு, சாம்பல் ஒண்ணு, ரெண்டே மையில டியூடோனா போடச் சொல்லு. அவசரக்குடுக்கை நீ, படங்களை நீயே சிஎம்ஒய்கேவுக்கு, அதான் அந்த நாலு மை முறைக்கு, மாத்தித் தொலைக்காதே. நிறமே இல்லாத கிரேஸ்கேல் ஃபைலாவே எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்றேன்.

நாளைக்கு ரெண்டாவது பாரம். விடியக்காலையிலயே போய் நிக்கணும்.

உன் பழைய கூட்டாளி