ஒலிப்பொறியியல் ஆசிரியர்களுக்கு: முதல் ஆண்டுக்கு ஸ்டாக் ப்ளக்-இன் போதும்

ஒலிப்பொறியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அந்தப் படிப்புகளை நடத்தும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். சென்னையில் சின்னதாக ஒரு மிக்ஸிங் அறை வைத்திருக்கிறேன். உங்களிடம் படித்து முடித்த பிள்ளைகள் என்னிடம் உதவியாளராகச் சேர வருகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் ஆண்டு முழுக்கப் பாடத்தையும் தேர்வையும், ரெக்கார்டிங் சாஃப்ட்வேரோடு கூடவே வரும் ஸ்டாக் ப்ளக்-இன்களை (ஒலியை மாற்றும் துணைக் கருவிகளை) மட்டும் வைத்து நடத்துங்கள்.

வருகிறவர்களில் பலருக்குக் கம்பெனிப் பெயர்கள் மனப்பாடம். குரலுக்கு எந்தக் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி), டிரம்ஸுக்கு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். "அட்டாக்கை ஏன் இந்த இடத்தில் வைத்தாய்?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. சத்தம் ஏறியதும் கம்ப்ரஸர் அதை அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அட்டாக். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பழகிய ப்ளக்-இன்களில் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை.

எல்.ஏ-2ஏ என்ற பழைய கம்ப்ரஸரின் ப்ளக்-இன் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரிய குமிழ்கள் இரண்டுதான்: கெயின், பீக் ரிடக்‌ஷன். அட்டாக்கும் ரிலீஸும் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) கைக்கு எட்டாது, உள்ளே இருக்கும் ஒளி உணரியே அவற்றைத் தீர்மானித்துவிடும். 1967-ல் வந்த 1176 என்ற இன்னொரு கம்ப்ரஸரில் அட்டாக் குமிழ் உண்டு. ஆனால் மில்லிசெகண்ட் கணக்கு கிடையாது, 1 முதல் 7 வரை எண்கள் மட்டும். வலப்பக்கம் திருப்பத் திருப்ப அட்டாக் வேகமாகும். இன்றைய கம்ப்ரஸர்கள் பெரும்பாலானவற்றில் இது தலைகீழ். போதாக்குறைக்கு, அதன் மிக மெதுவான அட்டாக்கே 800 மைக்ரோசெகண்ட்தான், ஒரு மில்லிசெகண்டைக்கூடத் தொடாது. இரண்டும் அருமையான கருவிகள், எனக்கும் பிடித்தவை. ஆனால் கம்ப்ரஷன் என்றால் என்னவென்று முதன்முதலில் புரிந்துகொள்ள உட்காருகிறவருக்கு இவற்றிலிருந்து என்ன தெரியும்? ஊசி ஆடுவதும், பழைய இரும்பின் கீறல்கள்வரை வரைந்து வைத்திருக்கும் படமும்தான் கண்ணில் தங்கும்.

இப்போது ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரோடு வரும் ரியாகாம்ப் கம்ப்ரஸரைத் திறந்து பாருங்கள். அழகு என்ற பேச்சுக்கே இடமில்லாத சாம்பல் பெட்டி. ஆனால் அட்டாக், ரிலீஸ் இரண்டும் மில்லிசெகண்டில் இருக்கும். ரேஷியோ (எவ்வளவு அமுக்குவது), 'நீ' (knee, அமுக்கம் எவ்வளவு மென்மையாகத் தொடங்குவது), ஆர்.எம்.எஸ் அளவு (சராசரி சத்தத்தைக் கணக்கிடும் நேரம்), கம்ப்ரஸர் எதைக் கேட்டு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஃபில்டர்கள், எல்லாம் வெளியே தெரியும். ஒரு மிருதங்க ட்ராக்கைப் போட்டு, அட்டாக்கை 1 மில்லிசெகண்டில் வையுங்கள். வலந்தலையில், அதாவது வலது முகத்தில், விழும் சொற்களின் முனை மழுங்கிப்போகும். மெல்ல 30-க்குக் கொண்டுபோனால் விரல் தோலைத் தொடும் அந்தக் கணம் திரும்பி வரும். அடுத்து, தொப்பியில், அதாவது இடது முகத்தில், விழும் ஒவ்வொரு அடிக்கும் மொத்த வாத்தியமும் அமுங்குகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அமுங்கினால், கம்ப்ரஸரின் காதுக்குப் போகும் ஒலியில் மட்டும், கனத்த கீழ் ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை ஏற்றச் சொல்லுங்கள். தொப்பி தொப்பியாகவே கேட்கும், வலந்தலை அதோடு சேர்ந்து தலை குனியாது. அரை மணி நேரத்தில் இந்தப் பாடம் முடிந்துவிடும். விண்டோஸில் வேறு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களும் ரியாகாம்ப், ரியாஈக்யூ (ஈக்யூ என்பது ஒலியின் குறிப்பிட்ட அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) இரண்டையும் தனியாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இதை மிருதங்கத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலை கொடுத்து வாங்கும் ப்ளக்-இன்களின் ப்ரீசெட் (முன்பே அமைத்து வைத்த அளவுகள்) பட்டியலில் கிக், ஸ்னேர், ராக் வோக்கல் எல்லாம் இருக்கும். நாதஸ்வரமும் தவிலும் எதில் இருக்கின்றன? நம் வாத்தியங்களுக்குக் காதையும் குமிழையும் தவிர வேறு வழியில்லை.

"ஸ்டாக் ஈக்யூ சவுண்டே வராது சார்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. வகுப்பிலேயே சோதித்துவிடுங்கள். ஒரே பதிவை இரண்டு ட்ராக்கில் போடுங்கள். ஒன்றில் சாஃப்ட்வேரோடு வந்த ஈக்யூ, இன்னொன்றில் விலை உயர்ந்த டிஜிட்டல் ஈக்யூ. இரண்டிலும் 1,000 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் ஏற்றுங்கள். 'க்யூ' என்ற அகலத்தை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடும், அதனால் வளைவுகள் ஒன்றாகும்வரை அதைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு ட்ராக்கில், ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனை அழுத்தி, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மிஞ்சுவதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். சாதாரண ஈக்யூக்களில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றினால் சில ஈக்யூக்களில் ஏதோ கேட்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ் செஷனில் (நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதியும் வேலைக்கோப்பில்) அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ்தான் எல்லை, அதை நெருங்கும்போது வளைவு ஒரு பக்கமாக நெரிபடும். அந்த நெரிசலைத் தவிர்க்கச் சில ஈக்யூக்கள் கூடுதலாகக் கணக்குப் போடுகின்றன. இதைத் தன் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டவர், பிறகு எதை வாங்கினாலும் காரணத்தோடு வாங்குவார்.

ஸ்டாக் என்றால் அரைகுறை என்பதும் பழைய நினைப்பு. ஏபிள்டன் லைவ் என்ற சாஃப்ட்வேரில் இருக்கும் க்ளூ கம்ப்ரஸர், சைடோமிக் என்ற ப்ளக்-இன் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. ஆப்பிளின் லாஜிக் சாஃப்ட்வேரில் இருக்கும் ஆல்கெமி, கேமல் ஆடியோ காசுக்கு விற்ற சின்தசைஸர். 2015-ல் அந்த நிறுவனத்தை ஆப்பிள் வாங்கிய பிறகு அது லாஜிக்கோடு கூடவே வருகிறது. லாஜிக்கின் கம்ப்ரஸருக்குள் மட்டும் ஏழு வகைச் சர்க்யூட் அமைப்புகள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன பழைய கருவிகளின் குணத்தைப் பின்னால் கற்பிக்க நினைத்தால், அதற்கும் வெளியே போக வேண்டாம்.

எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. ப்ரோ டூல்ஸ் சாஃப்ட்வேரோடு வரும் டி-வெர்ப் என்ற ரிவெர்ப்பை (எதிரொலி சேர்க்கும் ப்ளக்-இன்) குரலுக்குப் போட எனக்கு மனம் வராது. ஷூட்டிங் ஸ்பாட் வசனத்திலிருந்து ஜெனரேட்டர் சத்தத்தை எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று செய்த கருவிதான் வேண்டும். சரி, அவை இரண்டாம் ஆண்டுக்கு இருக்கட்டும். ரிவெர்ப்பில்கூட நல்ல வழி உண்டு. ரீப்பரின் ரியாவெர்ப்பும் லாஜிக்கின் ஸ்பேஸ் டிசைனரும் உண்மையான இடங்களின் எதிரொலியை ஏற்றிக்கொள்ளும். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, ஒரு கல்மண்டபத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய், பலூன் ஒன்றை உடைத்து அந்த முழக்கத்தைப் பதிவு செய்து வரச் சொல்லுங்கள். அந்த மண்டபமே அவர்களுடைய ரிவெர்ப் ஆகிவிடும்.

அடுத்தது காசு. இதைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை. பாடத்தில் நீங்கள் காட்டும் ப்ளக்-இன்களை வாங்க மாணவரால் முடியாது. என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: பென் டிரைவில் கிராக் (திருட்டுப் பிரதி) கை மாறும். அதோடு வைரஸும் வரும், முடித்த மிக்ஸைக் கோப்பாக எடுக்கும் ரெண்டரிங் நடுவில் மொத்தமும் நின்றும் போகும். ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டாலர், அதற்கு முன் 60 நாள் சோதித்துப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கினாலும் நிம்மதி நிச்சயமில்லை. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2020-ல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியபோது லாஜிக்கும் அதோடு வரும் ப்ளக்-இன்களும் உடனே தயாராக இருந்தன. வெளியே வாங்கியவற்றில் பலவற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

வேலைக்கு வந்த பிறகு இது இன்னும் உறைக்கும். ஒருவர் வீட்டில் செய்த செஷன் இன்னொருவர் ஸ்டுடியோவில் திறக்கும்போது, இல்லாத ப்ளக்-இன்களின் பட்டியல் முதலில் வந்து நிற்கும். ஸ்டாக் ப்ளக்-இன்களால் செய்த செஷன், அதே சாஃப்ட்வேர் இருக்கிற எந்த மெஷினிலும் அப்படியே திறக்கும். பதிப்பு மட்டும் ரொம்பப் பழையதாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகவே, முதல் ஆண்டுத் தேர்வை இப்படி வைத்துப் பாருங்கள். எட்டு ட்ராக் கொண்ட ஒரு கச்சேரிப் பதிவு, ஸ்டாக் ப்ளக்-இன்கள் மட்டும், அரை நாள் நேரம். முடிந்ததும் எல்லா மிக்ஸ்களையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் கொஞ்சம் சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதுபோல் காது ஏமாறும். பெயரை மறைத்துக் கேட்டு மதிப்பெண் போடுங்கள். அப்புறம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வைத்த ஒவ்வொரு அமைப்புக்கும் காரணம் கேளுங்கள். பாதி மதிப்பெண் அதற்கு.

தேர்வுக்குப் பதிவு கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள். கலைஞர்களின் சம்மதம் வாங்கி, குரல், வயலின், மிருதங்கம், கடம், தம்புரா என்று தனித்தனி ட்ராக்குகளாக நானே தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மிக்ஸிங் எஞ்ஜினியர், சென்னை