கூட்டிக் கழித்த எண் போதாது: ஈரநில ஆணையத்துக்கு முத்துப்பேட்டையிலிருந்து ஒரு மடல்

தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முத்துப்பேட்டைப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை நான். சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தில் எங்கள் கடலோரத்தின் இரண்டு வண்ண வரைபடங்களைச் சுவரில் மாட்டினார்கள். ஒன்று பழையது, மற்றொன்று புதியது. பத்து ஆண்டுகளில் பச்சை கூடியிருக்கிறது, ஆகவே ஈரநிலம் வளர்ந்திருக்கிறது என்று விளக்கினார்கள். நானும் மகிழ்ந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற மீனவர் ஒருவர் முன்னே வந்து, புதிய படத்தின் மேற்கு ஓரத்தில் விரல் வைத்தார். "இது அலையாத்தி இல்லை டீச்சர், சீமைக் கருவேலம். இந்தப் பக்கம் நண்டு பிடிக்கப் போய் எத்தனையோ வருடமாகிறது" என்றார். மறுநாள் அவரோடு நடந்து போய்ப் பார்த்தேன். முள்ளைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை.

அந்த ஓரத்தில் பழைய படத்தில் இருந்தது உமரிச் செடி படர்ந்த உப்புச் சதுப்பு. அது போய்விட்டது. ஆனால் படத்தின் கணக்கில் அது வரவாக ஏறியிருக்கிறது. இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. கடலோர ஈரநிலங்களைப் பற்றி நீங்கள் வெளியிடும் எந்த வரைபடத்திலும் இழப்பையும் வரவையும் ஒன்றாகக் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகத் தராதீர்கள். எங்கே போனது, எங்கே வந்தது, போனது என்ன வகை, வந்தது என்ன வகை என்று தனித்தனியாகக் காட்டுங்கள்.

இது என் கற்பனையில் உதித்த கோரிக்கை அன்று. உலகின் கடலோரச் சேற்றுவெளிகள், உப்புச் சதுப்புகள், அலையாத்திக் காடுகள் ஆகிய மூன்றையும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்த ஆய்வொன்று 2022-இல் வெளியானது. 1999 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 13,700 சதுர கிலோமீட்டர் இழக்கப்பட்டிருக்கிறது, 9,700 சதுர கிலோமீட்டர் புதிதாக உருவாகியிருக்கிறது என்று அது கூறியது. கழித்துப் பார்த்தால் நிகர இழப்பு 4,000 மட்டுமே. அந்த 4,000-ஐ மட்டும் சொல்லியிருந்தால், இருபது ஆண்டுகளில் இடம் மாறிய, அழிந்த, பிறந்த இருபத்து மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு நம் கண்ணில் படாமலே போயிருக்கும். ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் வண்டல் படிந்து முளைத்த புதுக்காடு, நூறு கல் தொலைவில் அழிந்த காட்டில் வாழ்ந்த மீனவருக்கு ஈடாகுமா?

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வன நில அளவைத் துறையின் 2017 அறிக்கை தமிழ்நாட்டின் அலையாத்திக் காடுகளை 49 சதுர கிலோமீட்டர் என்றது. 2019 அறிக்கையில் அது 45. 2021 அறிக்கையிலும் அதே 45. இடையில் 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எங்கள் காட்டின் மேல் ஏறிப் போனது. ஜாம்புவானோடையிலிருந்து படகில் போனபோது கண்ட காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. இலை ஒன்றுகூட இல்லாமல், முறிந்தும் சாய்ந்தும், சாம்பல் நிறத்தில் அலையாத்தி மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. பிறகு சில இடங்களில் காடு தானாகத் தழைத்தது, சில இடங்களில் இன்னும் தழைக்கவில்லை. எங்கே தழைத்தது, எங்கே தழைக்கவில்லை, ஏன் என்ற கேள்விகளுக்கு 45 என்ற எண்ணால் பதில் சொல்ல முடியாது. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீர் எட்டும் இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதில் தேட வழியே இல்லை.

சேற்றுவெளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரம் இல்லாத சேறு வெறும் சேறுதானே என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ஓதம், அதாவது கரையேறிய கடல்நீர், வடியும்போது வெளிப்படும் அந்தச் சேற்றில்தான் புழுவும் நத்தையும் நண்டுக்குஞ்சும் நிறைந்திருக்கின்றன. வடக்கிலிருந்து பல்லாயிரம் கல் பறந்து கோடியக்கரைக்கு வரும் உள்ளான் பறவைகள் அதை நம்பித்தான் வருகின்றன. அந்தச் சேற்றில் வரிசையாக அலையாத்தி நாற்றுகளை நட்டால், படத்தில் அது பச்சையாகத் தெரியும், வரவுப் பத்தியில் ஏறும். சேற்றுவெளி குறைந்தது செலவுப் பத்தியில் ஏற வேண்டுமே, அது ஏறுகிறதா? நடவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வகையை இழந்து எந்த வகையைப் பெற்றோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இறால் பண்ணைகள் இதைவிடத் தந்திரமானவை. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அவை நீல நீராகவே தெரியும். 1990-களின் தொடக்கத்தில் நாகை, தஞ்சைக் கடலோரங்களில் அவை பரவிய வேகத்தை என் வயதுடையவர்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். வயலும் சதுப்பும் கரை கட்டப்பட்டுக் குளங்களாயின, ஊர்க் கிணறுகள் உவர்த்தன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இஸ்ரோவின் தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு 2006-07 ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்குகிறது. அதை மட்டுமே அடிப்படை ஆண்டாகக் கொண்டால், அதற்கு முன்பே கரை கட்டப்பட்ட பண்ணைக் குளங்கள் காலங்காலமாக அங்கேயே இருந்த நீர்நிலைகள் போலத் தோன்றும். அவற்றுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேட்க ஆளிருக்காது.

ஆகவே அடிப்படை ஆண்டைப் பின்னோக்கி நகர்த்துங்கள். முப்பது மீட்டர் துல்லியம் கொண்ட, அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1980-களிலிருந்தே இருக்கின்றன. அவற்றுக்கும் முற்பட்ட காலத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் இருக்கின்றன. பிச்சாவரத்தைப் பாருங்கள். ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970-கள் வரை அங்கே விறகுக்காகப் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்தார்கள். வெயில் நேரே பட்ட மண் அமிழ்ந்து பள்ளமானது. ஓதநீர் உள்ளே வந்து வெளியேற வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பு ஏறியது. மரம் முளைக்காத பொட்டல்கள் அப்படி உருவானவை. ஆடு மாடு மேய்வதால் அழிந்தது என்று பல காலம் ஊர் மக்கள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மக்களும் சேர்ந்து, நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டி ஓதநீரை ஓடவிட்டபோது காடு திரும்ப வந்தது. இழப்பின் காரணத்தைப் பழைய ஆவணங்களிலிருந்து சரியாகப் படித்ததால் கிடைத்த வரவு அது. காரணம் எழுதப்படாத வரைபடத்திலிருந்து அப்படி ஒரு வாய்க்காலை யாராலும் வெட்ட முடியாது.

படம் எடுத்த நாளையும் நேரத்தையும் அச்சிடுங்கள். ஒரு லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஓர் இடத்தை 16 நாளுக்கு ஒரு முறை, முற்பகல் பத்து மணியை ஒட்டிக் கடக்கிறது. ஓதமோ நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு படத்தில் சேறாகத் தெரிவது அடுத்த படத்தில் நீராகத் தெரியும், நிலம் மாறாமலே. போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடப்பதால் தெளிவான படங்கள் பெரும்பாலும் மாசி முதல் சித்திரை வரை எடுத்தவையாகவே அமைகின்றன. அப்போது எங்கள் சதுப்பு உப்புப் பூத்து வெள்ளைத் தரையாகக் கிடக்கும். அந்தப் படத்தைப் பார்ப்பவர் தரிசு என்று எழுதிவிடுவார். தரிசு என்று ஒரு முறை எழுதப்பட்ட நிலத்துக்கு என்ன நேரும் என்பதை வருவாய்த்துறை ஆவணங்களைப் புரட்டிய எவரும் அறிவார். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பைக் கழுவெளி என்று அழைத்த ஊரார் அது நீர் வந்து தங்கி வடியும் இடம் என்பதைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை மறந்தவர்கள்தான் அங்கே குப்பையைக் கொட்டத் துணிந்தார்கள்.

சட்டத்தில் உள்ள இடைவெளியையும் நீங்கள் அறிவீர்கள். 2017 ஈரநில விதிகள் வனப் பகுதிகளையும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் பகுதிகளையும் உப்பளங்களையும் தம் எல்லைக்கு வெளியே வைத்திருக்கின்றன. வனத்துறை காட்டை அளக்கிறது, வேறோர் ஆணையம் கடற்கரையை அளக்கிறது, நடுவில் கிடக்கும் சேறும் உமரியும் எவர் கணக்கிலும் முழுதாக வருவதில்லை. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழியில் 1996-இன் கடலோர மண்டல வரைபடமா, பின்னால் வந்ததா, எது செல்லும் என்பதே பெரும் சச்சரவாகிவிட்டது. முழுக் கடலோரத்தையும் ஒரே படத்தில், புல எண்ணோடு பொருத்தி, எவரும் பார்க்கும்படி நீங்கள் வெளியிட்டால் அடுத்த எண்ணூரைத் தடுக்கலாம். அதில் ஊர்ப்பெயர்களும் ஓடைப்பெயர்களும் தமிழில் இருக்கட்டும். பெயர் தெரிந்தால்தான் எங்களால் தவறைச் சுட்டிக்காட்ட முடியும்.

களச் சரிபார்ப்புக்கு ஆள் போதவில்லை என்பீர்களானால் எங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று மீனவர்கள். எந்த ஓடை எந்த ஆண்டு தூர்ந்தது, எந்தத் திட்டில் எப்போது முதல் கன்று முளைத்தது என்று அவர்களுக்குத் தெரியும். சித்திரையில் ஒரு முறையும் கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாளிலும் உங்கள் அலுவலர்களை வரைபடத்தோடு அனுப்புங்கள். படகும் ஆளும் எங்கள் பொறுப்பு. முதலில் அந்த மேற்கு ஓரத்துக்குப் போவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
முத்துப்பேட்டை வட்டாரம், திருவாரூர் மாவட்டம்