அட்டையிலேயே அவிழும் முடிச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே கருப்பொருளில் வெளிவரும் தமிழ் ஊகப் புனைவு (அறிவியல் புனைவு, மிகைக் கற்பனை போன்றவை) சிறுகதைத் தொகுப்புகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கதைகளில் அறிவியல் இருக்கிறது, கற்பனைக்கும் பஞ்சமில்லை, ஆனால் ஒன்றும் மனதை அசைக்கவில்லை என்று எழுதியவர் குறைப்பட்டிருந்தார். குறை நியாயம்தான். பழியை முழுக்க எழுத்தாளர்கள் தலையில் போட்டதை மட்டும் ஏற்க முடியவில்லை. பன்னிரண்டு பேருடைய கதைகளை ஒரு நூலாக்குகிற தொகுப்பாசிரியரின் மேசையில் நடக்கவேண்டிய வேலையில் பாதி நடப்பதே இல்லை.

பத்திரிகையில் தனியாக வரும்போது பலிக்கிற ஓர் உத்தி தொகுப்புக்குள் வந்ததும் செத்துவிடுகிறது. கடைசி வரித் திருப்பம்தான் அது. அட்டையில் 'இறந்தவர்கள் பேசும் கதைகள்' என்று போட்டுவிட்டு, நான்காவது கதையை "இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த தாத்தா போன மாதமே காலமாகிவிட்டார்" என்று முடித்தால் யார் திடுக்கிடுவார்கள்? தாத்தாவுக்கு வைத்த காபி ஆறிப்போகிறது என்று இரண்டாம் பக்கத்தில் வரும்போதே வாசகர் கணக்கை முடித்திருப்பார். இயந்திர மனிதர்களைப் பற்றிய தொகுப்பில் மனைவி ஓர் இயந்திரம் என்று கடைசியில் தெரியவருவதும் இதே ரகம். முடிச்சை அட்டையே அவிழ்த்துவிடுகிறது. அதனால் கருப்பொருள் தொகுப்பில் உணர்ச்சி ஒளித்துவைத்த தகவலிலிருந்து வராது. எல்லாம் தெரிந்த பிறகும் ஒருவர் கொடுத்தே தீரவேண்டிய விலையிலிருந்துதான் வரும்.

இந்த வகையில் அடிக்கடி பேசப்படும் உதாரணம் டாம் காட்வின் எழுதிய 'தி கோல்டு ஈக்வேஷன்ஸ்'. காய்ச்சலில் கிடக்கும் ஆறு பேருக்கு மருந்து கொண்டுபோகிற சின்ன விண்கலம். எரிபொருள் ஓட்டுநரின் எடைக்கு மட்டுமே அளந்து போட்டது. அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெண் அதில் ஒளிந்து ஏறிவிடுகிறாள். அவள் எடையோடு கலம் போய்ச் சேராது. இவ்வளவும் கதையின் ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. 'அஸ்டவுண்டிங்' என்ற அமெரிக்க அறிவியல் புனைவு இதழின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் இந்தக் கதையை மூன்று தடவை திருப்பி அனுப்பினார் என்பார்கள். காட்வின் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாமர்த்தியம் செய்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டாராம். காப்பாற்றாத வடிவம் 1954 ஆகஸ்ட் இதழில் வந்தது.

நேர்மாறான சம்பவமும் உண்டு. டேனியல் கீஸின் 'ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்', சிகிச்சையால் அறிவாளியாகிப் பிறகு அந்த அறிவை இழக்கும் ஒருவனின் கதை. அதைப் படித்த 'கேலக்ஸி' இதழின் ஆசிரியர் ஹொரேஸ் கோல்டு, நாயகனின் அறிவு மங்காமல் அவன் சுகமாக இருப்பதுபோல முடிக்கச் சொன்னார். கீஸ் மறுத்து வேறு இதழுக்குக் கொடுத்தார். 1959 ஏப்ரலில் வெளியாகி அடுத்த ஆண்டே அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றது. முடிவில் கைவைக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு உண்டு. எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனவே கதை கைக்கு வந்ததும் தொகுப்பாசிரியர் இரண்டு வாக்கியங்கள் எழுதிப் பார்க்க வேண்டும். இந்த உலகின் விதி என்ன? அதற்கு யார், எதை விலையாகக் கொடுக்கிறார்? 'இறந்தவரின் குரலை வருடத்துக்கு ஒருமுறை மூன்று நிமிடம் கேட்கலாம்' என்பது விதி. 'கேட்கும் உரிமை ஒரே ஒருவருக்கு. வீட்டில் பிள்ளைகள் இருவர்' என்றால் விலை தெரிகிறது. இரண்டாவது வாக்கியத்தை எழுத வரவில்லையென்றால் அங்கே கதை இல்லை, யோசனை மட்டும்தான் இருக்கிறது. விதி மூன்று வாக்கியங்களுக்கு நீண்டால் பெரும்பாலும் இரண்டு கதைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும்.

அடுத்தது ஓட்டை அடைப்பது. குரலைக் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டால் இருவரும் கேட்கலாமே என்று வாசகர் கேட்பார். பதிவில் இரைச்சல்தான் வரும் என்ற தகவல் கதையின் முதல் கால்பகுதிக்குள், யாரோ போகிறபோக்கில் சொன்னதாக வந்துவிட வேண்டும். அதே தகவல் கடைசிப் பக்கத்தில் வந்தால் ஏமாற்றுவேலை. காட்வின் கதையையே இன்றைக்கும் விடாமல் கேட்கிறார்கள்: அப்படிப்பட்ட கலத்தின் கதவுக்கு ஒரு பூட்டு போடக்கூடாதா, கிளம்பும் முன் உள்ளே ஒருமுறை பார்க்கக்கூடாதா என்று. கேட்பதில் தவறில்லை.

கோளாறு பல சமயம் கதை கேட்கும் அறிவிப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 'காலம்', 'நினைவு', 'பிரிவு' என்று ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் எல்லாக் கதையும் அதற்குள் அடங்கும். தொகுப்புக்கு உருவம் கிடைக்காது. 'காலப் பயணம்' என்று உத்தியைக் கொடுத்தாலோ பாதிப் பேர் அப்பாவின் சாவைத் தடுக்கப் போவார்கள். 'போனவர்கள் திரும்பி வருகிறார்கள், ஆனால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு வருகிறார்கள்' என்பதுபோல ஒரு நிலைமையைக் கொடுப்பது நல்லது. சொல் வரம்பு, ஏற்கெனவே வெளியான கதைக்கு இடமுண்டா, சன்மானம் எவ்வளவு, எந்த எழுத்துருவில் அனுப்புவது, முடிவு எப்போது தெரியும் ஆகிய ஐந்தும் அறிவிப்பிலேயே இருக்கட்டும்.

சொல் வரம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க விருதுகளில் சிறுகதைக்கு உச்சவரம்பு 7,500 சொற்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்துத் தமிழில் போடுகிறார்கள். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் 5,000 சொல்லில் வருவது தமிழில் ஏறத்தாழ 3,500-க்குள் அடங்கிவிடும். ஆகவே இங்கே 7,500 என்றால் அது குறுநாவலின் வாசலுக்கே போய்விடும். 2,000 முதல் 3,500 வரை என்று வைத்தால் ஒரு விதியும் ஒரு விலையும் சொல்லத் தாராளமாகப் போதும்.

நீளத்தை வைத்துத் தொகுப்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு முதல் எட்டு அடி குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அகநானூறு. அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் வரிசையிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். 400 பாட்டில் 200 பிரிவைப் பாடுகிறது. ஆனாலும் இரண்டு பாலைப் பாட்டு அடுத்தடுத்து வராது. நடுவில் ஒரு கூடலோ காத்திருத்தலோ ஊடலோ இரங்கலோ வந்து நிற்கும். ஓர் உணர்ச்சியை நானூறு பாட்டுக்குச் சலிக்காமல் கொண்டுபோவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இருப்பதாகத் தெரியவில்லை. இன்றைய தொகுப்புகளில் கதைகள் ஆசிரியர் பெயரின் அகர வரிசையில் வருகின்றன. அல்லது பிரபலமானவர் முதலில்!

வரிசைப்படுத்த ஒரு பெரிய தாளும் பென்சிலும் போதும். கதைக்கு ஒரு வரி: உத்தி, யார் இறக்கிறார், தன்மையா படர்க்கையா, எந்த ஊர், முடிவு திறந்ததா மூடியதா, சொல் எண்ணிக்கை. பன்னிரண்டு வரிகளையும் எழுதி முடித்தால், ஏழு கதைகளில் அம்மா இறந்துபோனது அப்போதுதான் கண்ணில் படும். ஒரே உத்தி இரண்டு கதைகளுக்கு மேல் வேண்டாம், அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். முதல் கதை சிறியதாக, விதி முதல் பக்கத்திலேயே பிடிபடுவதாக இருக்கட்டும். மிக நீண்ட கதைக்கு ஏழாம் எட்டாம் இடம் பொருந்தும். அதற்குள் வாசகருக்கு நூலின்மேல் நம்பிக்கை வந்திருக்கும். எல்லாவற்றையும்விடக் கனமான கதையைக் கடைசியில் வைக்கும் வழக்கம் உண்டு. அதைக் கடைசிக்கு முந்தியதாக்கி, அடங்கிய குரலில் ஒன்றை அதன் பின்னால் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பன்னிரண்டு வேண்டுமென்றால் பதினாறையாவது கையில் வைத்துக்கொண்டு திருத்தத்துக்குப் போக வேண்டும். மாற்றி எழுதச் சொன்னதும் சிலர் விலகுவார்கள், சில கதைகள் திருத்தத்தைத் தாங்காது.

வரித் திருத்தத்தில் ஓர் எளிய காரியம்: கோப்பில் 'கண்ணீர்', 'நெஞ்சு', 'தொண்டை', 'விம்ம' என்று தேடிப் பாருங்கள். ஒரே பக்கத்தில் மூன்று வந்தால், கதாபாத்திரமே அழுது தீர்த்துவிட்டது. வாசகருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அழுகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லலாம். துணி மடிப்பது, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது, எதுவானாலும் சரி. '2147-ஆம் ஆண்டு' என்று தொடங்கும் கதைகளில் ஆண்டை அடித்துவிட்டுப் படியுங்கள், பெரும்பாலும் ஒன்றும் குறையாது.

பிழை திருத்துகிறவருக்குக் கதையோடு ஒரு குறிப்பும் போக வேண்டும். மேலே சொன்ன கீஸின் கதை, அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவரின் குறிப்பேடு. எழுத்துப் பிழைகளோடு தொடங்கி, சிகிச்சைக்குப் பின் பிழைகள் மறைந்து, கடைசியில் திரும்பி வரும். அந்தப் பிழைகள்தான் கதையின் உயிர். தமிழில் ஒருவர் அப்படி றகர ரகரத்தையும் ணகர னகரத்தையும் வேண்டுமென்றே மாற்றி எழுதியிருக்க, நல்ல மனதோடு ஒருவர் அத்தனையையும் சரிசெய்து அச்சுக்கு அனுப்பிவிட்டால் கதை போயிற்று. 'இது வேண்டுமென்றே, தொடவேண்டாம்' என்று ஓரத்தில் எழுதி வட்டமிட்டுக் கொடுக்க வேண்டும்.

யூனிகோடில் வந்த கதையைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொகர, கோகர வரிசைகளும் மேற்கோள் குறிகளும் சிதறும். 'கௌ' என்பதைச் சிலர் ளகரம் போட்டு அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் சிக்காது. யூனிகோடிலேயே பக்கம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை.

அச்சுக் கணக்கு சுருக்கமாக. டெமி என்ற புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு 210 முதல் 230 சொற்கள் அடங்கும். 2,500 சொல் வீதம் பன்னிரண்டு கதை என்றால் 30,000 சொற்கள், சுமார் 137 பக்கம். ஒவ்வொரு கதையும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் காலியாகும் இடம் ஆறு பக்கம். முன்பக்கங்கள், முன்னுரை, ஆசிரியர் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து 160-க்குள் வரும். ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) ஒன்றுக்கு 16 பக்கம், ஆக சரியாகப் பத்து ஃபாரம். 163 பக்கம் வந்துவிட்டால் முன்னுரையைக் குறைப்பதே உத்தமம். குறைக்கத் தகாத முன்னுரை அபூர்வம். பக்க எண்ணிக்கை முடிவாகும் முன் அட்டையைக் கட்டினால் முதுகின் அகலம் தப்பி, தலைப்பு முகப்புப் பக்கம் சரிந்துவிடும்.

பணமும் உரிமையும்: 200 ரூபாய் விலையில் 300 பிரதி முழுக்க விற்றாலும் பத்து சதவீதம் 6,000 ரூபாய், பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 500. இதற்காக வருடக்கணக்கில் கணக்கு அனுப்புவதைவிட, ஒரு தொகையையும் இரண்டு பிரதிகளையும் வெளியீட்டன்றே கொடுத்துவிடுவது மரியாதை. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டம். காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்பது அதன் 19-ஆம் பிரிவு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். அது இல்லாததால், நூல் நன்றாகப் போன பிறகு மறுபதிப்புக்கு ஒருவர் ஒப்பாமல் நின்றுபோவது நடக்கிறது.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு நூல் வேண்டுமென்றால் ஜூனில் அறிவிப்பு வர வேண்டும். கதை கேட்க எட்டு வாரம், படித்துத் தேர ஆறு, இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு எட்டு, பிழை திருத்தத்துக்கும் பக்கம் கட்டவும் நான்கு, அச்சுக்கு இரண்டு. அக்டோபரில் அறிவித்து ஜனவரியில் வெளியிடும் தொகுப்பில் காணாமல் போவது நடுவிலுள்ள அந்த எட்டு வாரம்தான்.

உங்கள் நூல் அறிமுகப் பகுதியில் தொகுப்பு நூல்களுக்குப் பதிப்பகமும் விலையும் போடுகிறீர்கள், தொகுத்தவர் பெயர் பல நேரம் விடுபட்டுப் போகிறது. இனி அதையும் சேர்த்துப் போடுங்கள். கதைகள் அந்த நூலுக்காகவே எழுதப்பட்டவையா, ஏற்கெனவே வந்தவற்றைச் சேர்த்ததா என்று ஒரு வரியும் இருந்தால் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு உதவும்.

இப்படிக்கு,
தொகைநூல் பதிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி